ஒரு பக்கம் மட்டும் பாடும் இயர்பட்ஸ்: ரீசெட் செய்யும்போது நடக்கும் தவறுகள்

"அண்ணா, லெஃப்ட் நல்லா பாடுது, ரைட்டு செத்துப்போச்சு." வடசென்னையில் மின்ட்டிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த மொபைல் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இது காதில் விழும். பெரும்பாலும் ரைட்டு சாகவில்லை. இரண்டு பட்டும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு நிற்கின்றன, அவ்வளவுதான். கடைக்கு வருவதற்கு முன்னால் எல்லாருமே வீட்டில் ஒரு தடவை ரீசெட் செய்து பார்த்திருப்பார்கள். வீடியோவில் சொன்ன மாதிரி பத்து விநாடி அழுத்தியிருப்பார்கள், விளக்கும் சிமிட்டியிருக்கும், ஆனால் ஒன்றும் நடந்திருக்காது. ரீசெட்டில் தப்பு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியதை மாற்றிச் செய்வதில்தான் தப்பு.

அதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். வழக்கமான ப்ளூடூத்தில் போன் ஒரு பாட்டை ஒரு கருவிக்குத்தான் அனுப்பும். அதனால் இரண்டு பட்டில் ஒன்று முன்னால் நின்று போனோடு இணைந்துகொள்ளும். மற்றது அதனிடமிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும், அல்லது அதற்கு வருவதைத் தானும் கூடவே ஒட்டுக்கேட்கும். 2022-ல் முழுமை பெற்ற எல்.இ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறையில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் போன், பட்ஸ் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் அது நடக்கும். மற்ற பட்ஸ் பெரும்பாலும் பழைய வழிதான். இதற்காகவே ஒவ்வொரு பட்டும் தன் ஜோடியின் முகவரியை நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு அழிந்தால் இரண்டும் தனித்தனியாகப் போனைத் தேட ஆரம்பித்துவிடும். ஆகவே முதலில் பட்டும் பட்டும் சேரணும், போன் அப்புறம். கீழே வரும் தவறுகளில் பாதி இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருபவை.

லிஸ்ட்டில் இரண்டு பெயர்

ஜோடி பிரிந்துவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம், போனின் ப்ளூடூத் லிஸ்ட்டில் ஒரே பெயர் இரண்டு தடவை வருவது. சில மாடல்களில் பெயருக்குப் பின்னால் எல், ஆர் என்று ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, "சரி, ரெண்டையும் கனெக்ட் பண்ணிடலாம்" என்பதுதான். செய்யவே கூடாதது அதுதான். இரண்டையும் தட்டினால் ஒவ்வொரு பட்டும் 'நான் தனி ஆள், எனக்கென்று ஒரு போன் இருக்கிறது' என்று பதிந்துகொள்ளும். அடுத்த தடவை கேஸை, அதாவது பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் டப்பாவைத் திறந்ததும் இரண்டும் போனுக்குத்தான் ஓடும், பக்கத்தில் இருக்கும் ஜோடியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் 'ஃபர்கெட்' கொடுத்து லிஸ்ட்டிலிருந்தே நீக்குங்கள். வெறும் டிஸ்கனெக்ட் போதாது.

இன்னொன்று. இந்த வேலையை கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார்ந்து செய்யாதீர்கள். கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் லிஸ்ட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரே கம்பெனி பெயர் நாலைந்து வரிசையாக நிற்கும். அதில் உங்களுடையது எது, எதிரே தூங்குகிறவருடையது எது என்று எப்படித் தெரியும்? தண்டையார்பேட்டையோ விம்கோ நகரோ, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாகச் செய்யலாம்.

வீட்டில் இருக்கும் மற்ற கருவிகள்

தன் போனில் ப்ளூடூத்தை ஆஃப் செய்ய நினைவிருக்கும். தங்கச்சி போன்? ஒரு நாள் படம் பார்க்க இணைத்த டிவி? ஆபீஸ் லேப்டாப்? ஒண்டுக்குடித்தன வீட்டில் இதெல்லாம் பத்தடிக்குள்தான் இருக்கும், ப்ளூடூத் சாதாரணமாகவே பத்து மீட்டர் வரை எட்டும். பட் விழித்ததும் பழகிய கருவியில் ஏதாவது ஒன்று கைநீட்டினால் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பட் அந்தரத்தில் நிற்கும். "ஒரு நாள் வேலை செய்யுது, ஒரு நாள் செய்யலை" என்று சொல்பவர்கள் டிவியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த பட்ஸ் எப்போதாவது இணைந்த எல்லாவற்றிலும் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

சார்ஜ் ஏறாததை ஜோடிப் பிரச்சினை என்று நினைப்பது

இதுதான் நம்ம ஏரியாவின் ஸ்பெஷல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டின் அடியில் இரண்டு மூன்று உலோகப் புள்ளிகள் இருக்கும். கேஸின் குழிக்குள் அதற்கு நேராக ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன பின்கள். சார்ஜ் ஏறுவது இந்த வழியாகத்தான். பல மாடல்களில் 'நான் கேஸுக்குள் இருக்கிறேன், ஆஃப் ஆகணும்' என்பதும், ரீசெட் கட்டளையும்கூட இந்தத் தொடர்பு வழியாகத்தான் பட்டுக்குத் தெரியும். அதில் அழுக்கு படிந்தால் ஒரு பட்டுக்கு சார்ஜ் ஏறாது, ரீசெட்டும் போய்ச் சேராது. நீங்கள் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் ரீசெட் ஆவது ஒரு பட் மட்டும்தான். ஒன்று பழைய நினைவோடும் மற்றது புது நினைவோடும் இருந்தால் எப்படி ஜோடி சேரும்?

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அதோடு வியர்வை. வியாசர்பாடி கிரவுண்டில் ஃபுட்பால் ஆடிவிட்டு, காதிலிருந்து எடுத்த ஈரத்தோடு பட்ஸை அப்படியே கேஸில் போட்டு மூடினால், உப்புத் தண்ணீர், உலோகம், மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடும். உலோகம் அரிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. டார்ச் அடித்து, போன் கேமராவை ஜூம் செய்து அந்தப் பின்களைப் பாருங்கள். மினுமினுப்பாக இருக்கவேண்டிய முனை மங்கிக் கறுத்திருக்கும், சிலதில் பச்சை பிடித்திருக்கும். பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு.

இதைத் துடைப்பதிலும் தவறு செய்கிறோம். ஊசி, சேஃப்டி பின், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். பின்னின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே இன்னும் மோசமாக அரிக்கும். முதலில் காய்ந்த காட்டன் பட்ஸால் துடையுங்கள். போகவில்லை என்றால் மெடிக்கலில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை அதே பஞ்சில் லேசாகத் தொட்டு, பின்னை அமுக்கி வளைக்காமல் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். வாசனை சானிடைசர் வேண்டாம். அதில் பிசுபிசுப்புக்குச் சேர்க்கும் பொருள் அங்கேயே தங்கிவிடும். இனிமேல் காதிலிருந்து எடுத்ததும் பனியனிலோ கர்ச்சீப்பிலோ ஒரு துடை துடைத்துவிட்டுக் கேஸில் வையுங்கள்.

ஐ.பி.எக்ஸ்4 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது நல்ல தண்ணீர் தெறிப்பதைத் தாங்குவதற்கான அளவு. உப்புத் தண்ணீருக்கு அதில் உத்தரவாதம் இல்லை. பல மாடல்களில் அந்தக் கணக்கு பட்டுக்கு மட்டும்தான், கேஸுக்குக் கிடையாது. நனைந்த பட்ஸை அரிசி டப்பாவில் புதைப்பதும் வீண். அரிசித் தூசிதான் சத்தம் வரும் வலைக்குள் போகும். வெயிலில் மாடிச் சுவர்மேல் வைப்பது பேட்டரிக்கு ஆகாது. கேஸுக்கு வெளியே, ஃபேன் காற்றில் விட்டுவிட்டாலே போதும்.

புதிதாக வாங்கியதில் ஒரு பட் மட்டும் முதல் நாளிலிருந்தே உயிரோடு இல்லையா? கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் அந்த உலோகப் புள்ளிகள்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். கப்பலில் வரும்போது சார்ஜ் வீணாகாமல் இருக்க ஒட்டி அனுப்புகிறார்கள். இடது பட்டில் உரித்துவிட்டு வலது பட்டில் மறந்துவிடுவது சகஜம். அதேபோல, காதுக்கு இறுக்கமாக இருக்கட்டும் என்று பெரிய ரப்பர் மாட்டியிருந்தால் பட் குழியில் முழுதாக உட்காராது, மூடி மூடிக்கொண்டாலும்கூட.

கேஸ் காலியாக இருக்கும்போது ரீசெட் செய்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கேஸில் சுத்தமாகச் சார்ஜ் இல்லை என்றால், பல மாடல்களில் உள்ளே வைத்த பட் ஆஃப் ஆகவே ஆகாது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பட்ஸ் என்றால் உடனே விழிக்காது. இரண்டையும் உள்ளே வைத்து மூடி, ஒயரைச் செருகி ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு வாருங்கள்.

சரி, ரீசெட் எப்படி?

சுத்தம் செய்தாயிற்று, சார்ஜ் ஏறியாயிற்று, எல்லாக் கருவியிலும் பெயரை நீக்கி ப்ளூடூத்தையும் அணைத்தாயிற்று. இனி உங்கள் மாடலுக்கு உரிய ரீசெட். இங்கே 'உங்கள் மாடலுக்கு' என்பது முக்கியம். சிலதில் பட் கேஸுக்குள் இருக்கும்போது கேஸ் பட்டனை அழுத்தணும், சிலதில் வெளியே எடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கணும். உதாரணத்துக்கு, பின்னால் பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் கேஸில் மூடியைத் திறந்து வைத்து, விளக்கு ஆரஞ்சாகச் சிமிட்டி வெள்ளைக்கு மாறும்வரை பட்டனைப் பிடிக்கச் சொல்கிறது ஆப்பிள், கிட்டத்தட்ட 15 விநாடி. இதையே வேறு கம்பெனி பட்ஸில் செய்தால் பவர் ஆஃப் ஆகும், அல்லது ஒன்றும் ஆகாது. வீடியோவை விட பெட்டியில் வந்த மடித்த காகிதம் நம்பகமானது. அது தொலைந்திருந்தால் மாடல் எண்ணைப் போட்டு கம்பெனி தளத்தில் தேடுங்கள். கேஸின் அடியிலோ மூடியின் உட்புறமோ பொடி எழுத்தில் எண் இருக்கும்.

ஒரு பட்டை மட்டும் ரீசெட் செய்யாதீர்கள். 'செத்த' பக்கத்துக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஆசைதான் பலருக்கு. இரண்டுமே பழசை மறந்தால்தான் புதிதாகச் சேரும்.

ரீசெட் முடிந்ததும் கேஸை மூடி சில விநாடி பொறுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போனைத் தொடாதீர்கள். முதலில் இரண்டும் சிமிட்டும், கொஞ்ச நேரத்தில் ஒன்று அடங்கிவிடும், மற்றது மட்டும் தொடர்ந்து சிமிட்டும். பெரும்பாலான மாடல்களில் ஜோடி சேர்ந்ததற்கு இதுதான் அறிகுறி. சிலது 'பேர்டு' (ஜோடி சேர்ந்தாச்சு) என்று வாயாலேயே சொல்லிவிடும். அதற்கு அப்புறம்தான் போனில் ப்ளூடூத் ஆன். ஒரே பெயர் வரும், தட்டுங்கள். மறுபடியும் இரண்டு பெயர் வந்தால் எதையும் தட்டாமல் அணைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை.

கம்பெனி ஆப் வழியாக அப்டேட் போடும்போதும் இதே எச்சரிக்கை. இரண்டு பட்டும் போதுமான சார்ஜோடு இருக்கணும், நடுவில் நிறுத்தக்கூடாது. ஒன்று புது வெர்ஷன், ஒன்று பழைய வெர்ஷன் என்று ஆகிவிட்டால் சில பட்ஸ் ஒன்றோடொன்று பேசாது.

ஜோடியே மாறிப்போனால்

அண்ணன் தம்பி இருவருக்கும் தீபாவளி ஆஃபரில் ஒரே மாடல், ஒரே கறுப்பு நிறம் வாங்கிய வீடுகளில் இது நடக்கும். கட்டிலில் கிடந்ததை எடுத்து ஆளுக்கொரு கேஸில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பட்டும் வேறு கேஸில் இருக்கும் தன் ஜோடியைத் தேடும். முதலில் நாலையும் வெளியே எடுத்து, எது யாருடையது என்று மாற்றிப் பாருங்கள். பிறகு பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒன்று தொலைந்து, ஒற்றை பட் வாங்குவது வேறு கதை. பர்மா பஜார் பக்கம் தேடினால் ஒற்றை பட்டும் கிடைக்கும். தோற்றம் ஒரே மாதிரி இருப்பதால் ஏமாறாதீர்கள். மாடல் எண் எழுத்து எழுத்தாக ஒத்துப்போகணும், அதே தலைமுறையாக இருக்கணும். உங்கள் கேஸையும் மிச்சமுள்ள பட்டையும் கொண்டுபோய், கடையிலேயே ரீசெட் செய்து, இரண்டு பக்கமும் பாடுவதைக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். "வீட்ல போய் ஒரு தடவை ரீசெட் பண்ணுங்க சார், சேர்ந்துடும்" என்றால் திரும்பி வந்துவிடலாம்.

ஜோடிப் பிரச்சினையே இல்லாதவை

ஒரு பக்கம் சுத்தமாகக் கேட்காமல், ஆனால் போனில் இரண்டு பட்டின் பேட்டரி அளவும் காட்டினால், அக்சசபிலிட்டி செட்டிங்ஸில் ஆடியோ பேலன்ஸ் ஒரு ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறதா பாருங்கள். குழந்தை கையில் போன் கொடுத்த வீடுகளில் இது அதிசயமில்லை. ஒரு பக்கம் சத்தம் குறைவு என்றால் வலையில் காதழுக்கு. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டுங்கள். எம்.சி. ரோடு கூட்டத்தில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் அது ரீசெட்டால் தீராது. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பே நன்றாக உறிஞ்சிவிடும், வைஃபையும் அதே அலைவரிசையில் நெரிசல் கொடுக்கும். போனைப் பின் பாக்கெட்டிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டு மூன்று வருஷம் ஓடிய பட்ஸில் ஒரு பக்கம் பத்து நிமிஷத்தில் அணைந்தால், பேட்டரி தேய்ந்துவிட்டது. எப்போதும் முன்னால் நின்று போனோடு பேசிய பட், அதிலும் கால் பேச மைக் கொடுத்த பட், சீக்கிரம் தேயும். கத்தியால் நெம்பித் திறக்காதீர்கள். பசை போட்டு ஒட்டிய கூட்டுக்குள் லித்தியம் செல் இருக்கிறது, கத்திமுனை பட்டால் புகையும், தீயும் பிடிக்கும். வாரன்டி இருந்தால் அதுவும் அதோடு போச்சு. பில்லை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது இரண்டு பட்டையும் கேஸையும் சேர்த்தே கொடுங்கள். கெட்டுப்போன ஒன்றை மட்டும் கொடுத்தால், மாற்றித் தரும் பட்டை உங்கள் ஜோடியோடு சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை.