ஹாஸ்டல் வைஃபைக்குள் எந்தக் கருவியை விடுவது?

ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். 'வைஃபை ஸ்லோ சார்' என்று புகார் வந்தால் முன்பெல்லாம் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) மாட்டிவிடுவேன். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: மெதுவாகப் பேசும் கருவிகளில். 1500 பைட் பாக்கெட்டை 54 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 0.22 மில்லிவினாடி போதும்; 1 எம்பிபிஎஸ் என்றால் 12 மில்லிவினாடி. அதுவரை அதே சேனலில் (ஒரே அலைவரிசையில்) உள்ள மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

அதனால் உள்ளே வரும் கருவிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி வையுங்கள். அதற்கு முன் கன்ட்ரோலரில் (எல்லா ஆக்சஸ் பாயின்டையும் நிர்வகிப்பது) இரண்டு வாரப் பட்டியலை எடுத்து, எந்தக் கருவி எந்த பேண்டில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸிலா 5 கிகாஹெர்ட்ஸிலா, சேர்கிறது என்று பாருங்கள். மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியின் அடையாள எண்) வைத்து எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் ஒரே போன் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு முகவரி காட்டும். லாகின் பெயரை வைத்து எண்ணுங்கள்.

எங்கள் விதி: போன், லேப்டாப் இரண்டுக்கும் 802.11என் (வைஃபை தரம்), 5 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ2 (வைஃபை பாதுகாப்பு முறை). கடைசியானது 2004லேயே வந்துவிட்டது, அதில் யாரும் தகராறு செய்யவில்லை. சண்டையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸில்தான். விலை குறைந்த சில லேப்டாப்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கும். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அப்படிப்பட்டவர்களுக்கு நூலகத்தில் யுஎஸ்பி அடாப்டர் இரவல் தருகிறோம்.

அப்புறம் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணையுங்கள். ஒரே நாளில் எல்லாக் கட்டடத்திலும் வேண்டாம். நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படிச் செய்துவிட்டு ஊருக்குப் போனேன். திங்கள் காலை வருகைப்பதிவு இயந்திரம் ஒன்றுகூடச் சேரவில்லை. பேராசிரியர்கள் பாதிப் பேருக்கு ஆப்சென்ட்! விடுமுறையில், ஒவ்வொரு பிளாக்காகச் செய்யுங்கள்.

அந்த இயந்திரங்கள், பிரின்டர், மாணவர்கள் பிராஜெக்டுக்கு வைத்திருக்கும் ஈஎஸ்பி8266 என்ற சிறிய வைஃபை போர்டு (அதற்கு 2.4 தவிர வேறு தெரியாது) எல்லாவற்றுக்கும் தேவையான இடத்தில் மட்டும் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பட்டியலில் தெரியும் பெயர்), தனி விலான் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி). ஆனால் துறைக்கு ஒரு எஸ்எஸ்ஐடி கேட்டால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் வினாடிக்குச் சுமார் பத்து முறை 'நான் இருக்கிறேன்' என்று கூவிக்கொண்டே இருக்கும்.

முதல் வருடம் விதியை ஆகஸ்டில் ஒட்டினோம். புது லேப்டாப்பின் பில்லோடு ஒரு அப்பா வந்து நின்றார். "வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?" என்றார். இப்போது அட்மிஷன் கடிதத்தோடு அரைப் பக்கம் போகிறது. கடைக்காரரிடம் அப்படியே காட்டிக் கேட்கும்படி மேலே ஒரே வரி: 'இதில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா?'