உயரக் கோட்டைப் பார்த்து எடையைக் கூட்டுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் யாராவது ஒரு தகப்பனார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார். “டீச்சர், எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்பார். ஏற்காடு மலையின் அடிவாரத்தில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை.

வளர்த்தி நிற்காது. பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான், அந்த இடம் மென்மையானதும்கூட. அதனால்தான் அந்தப் பயம் வந்தது. ஆனால் சரியான முறையில், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, அளவான எடையோடு செய்யும் பயிற்சி அந்தத் தட்டைக் கெடுப்பதில்லை. மரத்திலிருந்து குதிக்கும்போதும் ஓடி வந்து பந்து வீசும்போதும் எலும்பில் இறங்கும் விசை, இரண்டு கிலோ மணல் பையைத் தூக்கும்போது இறங்குவதைவிடப் பல மடங்கு பெரிது. சிறுவர்களுக்கு எடைக் கருவிகளால் வரும் காயங்களில் பெரும்பாலானவை, யாரும் பார்க்காதபோது இரும்பு நழுவிக் கையிலோ காலிலோ விழுவதால் வருபவை. ஆகவே முதல் விதி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பயிற்சி இல்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. எனக்கு 13 வயது, 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு மளமளவென்று உயர்ந்துவிட்டேன். அப்போதைய பயிற்சியாளர், கால் வலுவாக வேண்டும் என்று, என் எடையே உள்ள தோழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறச் சொன்னார். முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில், வலி தொடங்கியது. சோம்பல் என்று திட்டு வாங்கினேன். இரண்டு பருவங்கள் ஓட முடியவில்லை. அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர் இருப்பதே ஆசிரியையான பிறகுதான் தெரியவந்தது. அந்த இடத்தில் புடைத்த மேடு இன்றும் என் காலில் இருக்கிறது. யாராவது என் உயரத்தை அளந்திருந்தால் அது நடந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால் எடையை வாங்குமுன் அளவு நாடாவை வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், வெறுங்காலோடு, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்துங்கள். தலைமேல் பரீட்சை அட்டையைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். முதுகெலும்பின் வட்டுகள் பகலெல்லாம் அழுந்துவதால், மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறைந்து தெரியும்.

பருவ வயதுக்கு முன் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்வார்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் வளர்ச்சிப் பாய்ச்சல் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வருகிறது. பிள்ளைக்குப் பிள்ளை ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகும். எலும்பு முதலில் நீள்கிறது, தசையும் தசைநாணும் பின்னால் வந்து சேர்கின்றன. நேற்றுவரை மான்போல ஓடியவன் தன் காலிலேயே தடுக்குவான். திட்டாதீர்கள். குதித்தலையும் வேக ஓட்டத்தையும் பாதியாகக் குறையுங்கள். எடையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, தெரிந்த அசைவுகளையே இலேசான எடையில் செம்மைப்படுத்துங்கள். பயிற்சியை முற்றிலும் விட்டுவிடவும் வேண்டாம். வலுவான தொடையும் இடுப்பும்தான் அந்தக் காலத்தில் முழங்காலுக்குக் காவல்.

சொன்னதைக் கேட்டுச் செய்யும் பக்குவம் வந்துவிட்டால் ஏழு, எட்டு வயதிலேயே தொடங்கலாம். அந்த வயதில் தசை பருக்காது, பருக்கவும் வேண்டியதில்லை. நரம்புகள் தசையை ஒழுங்காக ஏவக் கற்றுக்கொள்கின்றன, வலிமை கூடுவது அதனால்தான். நான் சொல்லித்தரும் அசைவுகள் ஆறு.

முதலாவது தோப்புக்கரணம். பிள்ளையார் கோயிலில் போடுகிற அதே தோப்புக்கரணம்தான். குதிகால் மண்ணைவிட்டு எழக்கூடாது, முழங்கால் பாதவிரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். இதைத் தண்டனையாகக் கொடுக்கும் பழக்கத்தை எல்லாப் பள்ளிகளும் கைவிட வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். உடம்பை அசைப்பது தண்டனை என்று படித்த பிள்ளை பிற்காலத்தில் மைதானத்துப் பக்கம் வராது.

இரண்டாவது, குனிந்து தூக்குதல். தரையிலுள்ள குடத்தைத் தூக்குவதுபோல இடுப்பை மடக்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. ஒரு மூங்கில் கழியை முதுகோடு நிறுத்துங்கள். பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது பட்டுக்கொண்டே இருந்தால் முதுகு நேராக இருக்கிறது. இந்தக் கழியோடு ஒரு மாதம் போகட்டும், அதன் பிறகே பை.

தண்டால் போட முடியாத பிள்ளை சுவரிலோ பெஞ்சிலோ கையூன்றிச் செய்யலாம். இழுப்பதற்குக் கம்பியில் தொங்கினால் போதும். சுமத்தல் எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டு மஞ்சப்பைகளில் மணலைக் கட்டி, கைக்கு ஒன்றாக, தோள் சரியாமல் 20 மீட்டர் நடப்பது.

ஆறாவது, தரையிறங்குதல். இதற்கு நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஒரு படி உயரத்திலிருந்து குதித்து, சத்தம் கேட்காமல், இரண்டு காலிலும் இறங்கி, மூன்று எண்ணும்வரை சிலையாக நிற்க வேண்டும். முழங்கால்கள் உட்புறம் சரிகின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். பூப்பெய்திய பெண் பிள்ளைகளிடம் இந்தச் சரிவு அதிகம். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது பல நேரங்களில் இப்படி இறங்கும்போதுதான். கபடி, கூடைப்பந்து, வாலிபால் விளையாடும் பெண்கள் இதை வாரம் இருமுறையாவது செய்ய வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. பத்து நிமிடம் ஓடி, தாவி, தவழ்ந்து உடல் சூடேறியதும் ஒவ்வோர் அசைவும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. புதியவர்களுக்கு ஒரு சுற்று, பழகியவர்களுக்கு இரண்டு. கடைசி முறை முதல் முறையைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடை அதிகம். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் 15 முறை சுத்தமாக வந்தால் ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டலாம். நான்கு கிலோ பையில் ஒரு சின்ன டம்ளர் மணல், சுமார் 300 கிராம், தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரே தூக்கில் யார் அதிகம் தூக்குவது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மலை ஏறக் கூட்டிப்போவேன். கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் வண்டிகளுக்கு உரியவை, அந்தச் சாலையில் ஓடக் கூடாது. மண்பாதையில் ஏறுவோம், இறங்குவதற்குப் பஸ். சரிவில் ஓடி இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. வளரும் முழங்காலுக்கு அது பெரிய சுமை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் விற்கும் புரதப் பொடி பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறக்குறைய ஏழு கிராம். கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து. கீரையும் பேரீச்சையும் இரும்புக்கு. மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால், விளையாடுகிற பெண்ணுக்கு அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். செலவாகும் அளவுக்கு அவள் சாப்பிடவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம், 12 வயதுவரை ஒன்பது மணி நேரமாவது, அதன் பிறகு எட்டு மணி நேரமாவது வேண்டும். விடியற்காலை டியூஷனையும் விடியற்காலைப் பயிற்சியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

வாரத்தில் முறையான பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 11 வயதென்றால் 11 மணி நேரம், அதற்குள் எல்லாம் அடக்கம். ஒரு நாள் முழு ஓய்வு. பத்து வயதில் ஒரே விளையாட்டில் பூட்டிவைக்காதீர்கள். அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் அன்றைக்கு உயரமாக இருக்கும் பையனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தாமதமாக வளர்கிறவன் தனக்கு வராது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் நம் மாவட்டத்தையே காட்டுவேன். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய கிரிக்கெட் அணிக்கு முதன்முதலாக ஆடியது 2020இல், அப்போது அவருக்கு வயது 29. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 21 வயதில் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 29 வயதில் பாரிஸில் வெண்கலம். 13 வயதில் முடிவாகிற விஷயம் எதுவும் இல்லை.

வலியைப் பிரித்தறியப் பழகுங்கள். இரண்டு தொடையிலும் ஒரேமாதிரி வலித்து இரண்டு நாளில் அடங்கினால் அது பயிற்சியின் வலி. எலும்பில் ஒரே இடத்தை விரலால் காட்டினால், வீங்கினால், இரவில் எழுப்பினால், உடனே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போங்கள். நொண்டுகிற பிள்ளை அன்று விளையாடக் கூடாது, இறுதிப்போட்டியாகவே இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்குமுன் சுவரிலுள்ள கோடுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அந்த மாதம் தூக்கிய எடையையும் எழுதுங்கள்.