பத்து வருஷ விசா, ஆறு மாத இருப்பு

தெப்பக்குளம் பக்கம் எங்கள் தெருவில் ரிட்டயர்டு வாத்தியார்கள் அதிகம். மகள் பிரசவம், பேத்திக்குக் காதுகுத்து, மகன் புதுவீடு என்று வருஷத்துக்கு ஒருவராவது வெளிநாடு கிளம்பிவிடுவார். போனால் ஆறு மாதம். அத்தனை பேரும் தடுக்கி விழப் பார்ப்பது ஒரே இடத்தில்தான்: பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் கடைசித் தேதியை, அதுவரை அங்கே தங்கலாம் என்று எடுத்துக்கொள்வது.

பக்கத்து வீட்டு சார் அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்காவில் இறங்கினார். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் ஊர் வந்து சேர வேண்டும் என்று ஏப்ரல் 24க்குத் திரும்பும் டிக்கெட். பிப்ரவரியில் போனில் பேசும்போது, "ஐ-94ல என்ன தேதி சார் போட்டிருக்கு?" என்று கேட்டேன். எந்தத் தேதிவரை தங்கலாம் என்று சொல்லும் அமெரிக்க நுழைவுப் பதிவு அது. "அது எதுக்குப்பா, விசாதான் இன்னும் எட்டு வருஷம் இருக்கே" என்றார். மகள் இணையத்தில் எடுத்துப் பார்த்தால் ஏப்ரல் 9! டிக்கெட்டை முன்னால் மாற்றினார்கள், பிழைத்தார்.

பி-2 விசா, அதாவது அமெரிக்காவின் விசிட்டர் விசா, என்பது வாசல்வரை வருவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் முடிவுசெய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள், குறைத்தும் தரலாம். அந்தத் தேதி ஐ-94 பதிவில் இருக்கும். அதை ஒரு நாள் தாண்டினாலும் பத்து வருஷ விசா தானாகச் செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று வருஷம் உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருஷம் தாண்டினால் பத்து வருஷம். ஆகவே போய் இறங்கிய அன்று, தூக்கம் சொக்கினாலும், அந்தப் பக்கத்தை எடுத்து ஒரு தாளில் அச்சடித்துப் பிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் ஐ-94 தேதியும் அதோடு சுருங்கலாம். நம்மூரிலேயே பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்கிறது, புதுப்பித்துவிட்டே கிளம்பலாம்.

சரி, இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றால்? ஐ-539 என்ற விண்ணப்பம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி இணையத்தில் போட 420 டாலர். தேதி முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே போடுங்கள் என்கிறது அங்கத்திய குடியேற்றத் துறை. கடைசி வாரத்தில் அவசரமாகப் போட்டு, காரணத்தில் "பேரனைப் பிரிய மனமில்லை" என்று எழுதினால் வேலைக்காகாது. பிரசவம் தள்ளிப்போனது, ஆபரேஷன் என்றால் டாக்டர் கடிதம் வேண்டும். என்னைக் கேட்டால், தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் நீட்டிப்பே வேண்டாம். அடுத்த முறை போகும்போது அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

"கனடா போய் நயாகராவைப் பார்த்துட்டு வந்தா புதுசா ஆறு மாசம் குடுத்துருவாங்க" என்று ஒரு யோசனையும் ஊரில் சுற்றுகிறது. பக்கத்து நாட்டுக்கு எட்டிப்பார்த்துவிட்டு வந்தால் அதிகாரி பழைய ஐ-94 தேதியிலேயே உள்ளே விட்டுவிடக்கூடும். புதிதாகத் தந்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

அப்புறம் இந்த வாய்த் தவறு. பேரனைப் "பார்க்க" வந்தேன் என்பதும் "பார்த்துக்கொள்ள" வந்தேன் என்பதும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இமிக்ரேஷன் அதிகாரிக்கு அப்படியில்லை. இரண்டாவதை ஆங்கிலத்தில் சொன்னால், ஆயா வேலைக்கு வந்தவரோ என்ற சந்தேகம் எழும். பொய் சொல்லச் சொல்லவில்லை. மகளுடன் இருக்க வந்தேன், இத்தனை மாதம், இந்தத் தேதிக்குத் திரும்புகிறேன் என்று உள்ளதைச் சொன்னாலே போதும்.

ஐரோப்பாக் கணக்கு வேறு மாதிரி. மகன் ஜெர்மனியில் இருந்தால் ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குப் பொதுவானது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். ஜெர்மனியில் 60, இத்தாலியில் 60 என்று நாட்டுக்கு நாடு தனிக்கணக்கு கிடையாது, 29 நாடுகளுக்கும் ஒரே கணக்கு. ஐரோப்பிய யூனியனில் இல்லாத சுவிட்சர்லாந்தும் இதில் சேர்த்திதான். போன நாள், திரும்பிய நாள் இரண்டும் எண்ணிக்கையில் வரும். ஜனவரி 10 முதல் ஏப்ரல் 9 வரை ஒரே மூச்சாக 90 நாள் இருந்துவிட்டால், ஜூலை 9க்கு முன் மறுபடி காலெடுத்து வைக்க முடியாது. ஸ்டிக்கரில் தங்கும் நாட்கள் என்று தனியாக ஓர் எண் இருக்கும். விசா மூன்று மாதம் செல்லும் என்று போட்டு, நாட்கள் என்ற இடத்தில் 30 என்று இருந்தால் உங்களுக்கு 30 நாள்தான். அங்கே போய் நீட்டிப்பது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், விமானமே ஓடவில்லை என்றால் என்பதுபோன்ற நிலைமைக்கு மட்டும்.

இங்கிலாந்தில் பத்து வருஷ விசிட்டர் விசாவுக்குக் காசு கட்டுபவர்கள், ஒரு முறைக்கு ஆறு மாதம்தான் என்பதை மறக்கிறார்கள். ஆஸ்திரேலியா விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கிருந்தபடி நீட்டிப்புக் கேட்கவே முடியாது. கனடாவில் பிள்ளை குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருந்தால், சாதாரண விசாவை மறுபடி மறுபடி நீட்டுவதைவிட பெற்றோருக்கென்றே இருக்கும் சூப்பர் விசா எடுப்பது மேல். 2022 ஜூலையிலிருந்து ஒரு முறைக்கு ஐந்து வருஷம்வரை இருக்கலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், பிரீமியம் கொஞ்சம் வலிக்கும்.

தாய்லாந்து, மலேசியா போகும் இளவட்டங்களுக்கு ஒன்றே ஒன்று: 30 நாள் என்றால் 30 நாள், ஒரு மாதம் இல்லை. தாய்லாந்தில் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம்.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். நாட்டைவிட்டு வெளியேறிய பதிவு எங்கேயாவது விடுபட்டுப்போனால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். பக்கத்து வீட்டு சார் தன்னுடையதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார், ஏப்ரல் பக்கத்தில்.