ஐஓஎஸ் செயலியில் திரை விட்டுத் திரை போவது எப்படி? நேவிகேஷன் கண்ட்ரோலர் பழகலாம்

ஒரே திரையோடு முடிந்துவிடும் செயலி அபூர்வம். பட்டியலில் ஒன்றைத் தொட்டால் அதன் விவரம் வர வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பினால் பட்டியல் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். ஐபோனில் 2008-லிருந்தே இந்த வேலையைப் பார்த்துவருவது நேவிகேஷன் கண்ட்ரோலர்தான்.

அடுத்த திரைக்குப் போவதை யாரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். புதிதாக எழுதுபவர்கள் சிக்கிக்கொள்வது திரும்பி வருவதில். அதனால் முதல் பாதியை வேகமாக முடித்துவிட்டு, அங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

நாம் செய்யப்போவது இரண்டு திரை உள்ள சின்னச் செயலி. முதல் திரையில் பெயரை அடித்துப் பொத்தானைத் தொட்டால், இரண்டாவது திரை அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். ஆப்பிளின் செயலி எழுதும் கருவியான எக்ஸ்கோடில் புது புராஜெக்ட் தொடங்கி, ஐஓஎஸ் பகுதியில் ஆப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழி ஸ்விஃப்ட், இன்டர்ஃபேஸ் ஸ்டோரிபோர்டு, அதாவது திரைகளைப் படமாக வைத்து இணைக்கும் கோப்பு. திரைகளைக் கோடாகவே எழுதும் ஸ்விஃப்ட்யூஐ வந்த பிறகும் ஸ்டோரிபோர்டா என்று கேட்பீர்கள். ஸ்விஃப்ட்யூஐயில் 2022-இல் ஐஓஎஸ் 16-உடன் வந்த நேவிகேஷன் ஸ்டாக் நன்றாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஸ்டோரிபோர்டுதான் வசதி என்பது என் எண்ணம். தவிர, வேலைக்குப் போகும் இடத்தில் ஸ்விஃப்ட்யூஐக்கு முந்தைய நூலகமான யூஐகிட்டில் எழுதிய பழைய கோடு நிச்சயம் காத்திருக்கும்.

முதலில் அடுக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நேவிகேஷன் கண்ட்ரோலருக்குத் தனியாக உள்ளடக்கம் என்று எதுவும் கிடையாது. மேலே ஒரு பட்டை, கீழே மற்ற வியூ கண்ட்ரோலர்களை (ஒவ்வொரு திரையையும் நடத்துபவை) காட்டும் இடம், அவ்வளவுதான். ஆனால் தன்னிடம் ஓர் அடுக்கு வைத்திருக்கும். மேசையில் காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல. மேலே இருப்பது மட்டும் கண்ணில் படும். புதுத் திரையை மேலே வைப்பது புஷ். மேலே இருப்பதை எடுத்துவிடுவது பாப். அடியில் இருக்கும் முதல் திரைக்கு ரூட் வியூ கண்ட்ரோலர் என்று பெயர். அதை எடுக்க முடியாது.

புஷ் செய்யும்போது கீழே உள்ள திரை அழிவதில்லை. நீங்கள் அடித்த எழுத்து, உருட்டிய இடம் எல்லாம் அப்படியே நினைவகத்தில் இருக்கும். பாப் செய்யும்போது மேலே இருந்த திரைக்கு வேறு யாரும் சொந்தம் கொண்டாடாவிட்டால் அது நினைவகத்தைவிட்டே போய்விடும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் விடை இந்த இரண்டு விஷயத்தில்தான் இருக்கிறது.

எம்பெட் செய்தல் (உள்ளே பொதித்தல்)

மெயின் ஸ்டோரிபோர்டைத் திறந்து, ஏற்கெனவே இருக்கும் வியூ கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். மேல் மெனுவில் எடிட்டர், அதற்குள் எம்பெட் இன், அதில் நேவிகேஷன் கண்ட்ரோலர். இடப்பக்கம் புதிதாக ஒரு பெட்டி முளைத்து, அதிலிருந்து உங்கள் திரைக்கு ஒரு கோடு வந்து சேரும். செயலி எங்கே தொடங்கும் என்பதைக் காட்டும் அம்புக்குறியும் தானாகவே புதுப் பெட்டிக்கு மாறிவிடும். லைப்ரரியிலிருந்து நேவிகேஷன் கண்ட்ரோலரை இழுத்துப் போடவும் செய்யலாம். ஆனால் அது கூடவே ஒரு டேபிள் வியூ கண்ட்ரோலரை ரூட்டாக ஒட்டிக்கொண்டு வரும், அம்புக்குறியையும் நீங்களே மாற்ற வேண்டியிருக்கும். மெனு வழியே சுலபம்.

இப்போது திரையின் மேலுள்ள பட்டையை இருமுறை தட்டி ‘முகப்பு’ என்று தலைப்பு வையுங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டும் ஒரு பொத்தானும் வைத்து, டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு அவுட்லெட், அதாவது கோடிலிருந்து அதை அணுகும் மாறி, எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது திரையும் செக்வேயும்

ஷிஃப்ட், கமாண்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லைப்ரரி திறக்கும். அதிலிருந்து ஒரு வியூ கண்ட்ரோலரை வலப்பக்கம் இழுத்துப் போட்டு, நடுவில் ஒரு லேபிள் வையுங்கள். அப்புறம் கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி முகப்பில் உள்ள பொத்தானிலிருந்து இந்தத் திரைக்கு மவுஸால் இழுங்கள். விட்டதும் வரும் சின்னப் பட்டியலில் ஷோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இணைப்புக்குத்தான் செக்வே என்று பெயர்.

ஓடவிட்டுப் பாருங்கள். பொத்தானைத் தொட்டால் புதுத் திரை வலப்பக்கமிருந்து நகர்ந்து வர வேண்டும், இடது மேல் மூலையில் திரும்பும் பொத்தான் இருக்க வேண்டும். திரை கீழிருந்து மேலே எழும்பி வருகிறதா? அப்படியானால் முதல் திரை நேவிகேஷன் கண்ட்ரோலருக்குள் இல்லை என்று பொருள். ஷோ என்பது, தான் இருக்கும் இடத்தைப் பார்த்து நடந்துகொள்ளும்: நேவிகேஷன் கண்ட்ரோலர் இருந்தால் புஷ், இல்லாவிட்டால் மோடல், அதாவது அடுக்கில் சேராமல் தனியாக மேலெழும்பும் திரை. எம்பெட் செய்த படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

திரும்பும் பொத்தானில் ‘முகப்பு’ என்று இருப்பதைக் கவனித்தீர்களா? அது முந்தைய திரையின் தலைப்பு. வேறு வாசகம் வேண்டுமென்றால் இரண்டாவது திரையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. முதல் திரையின் நேவிகேஷன் ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பேக் பட்டன் என்றொரு இடம் இருக்கும், அங்கேதான் மாற்ற வேண்டும்.

பெயரைக் கொண்டுபோவது

புது ஃபைலுக்கான கோகோ டச் கிளாஸ் வார்ப்புருவில், யூஐவியூகண்ட்ரோலரை மூலமாக வைத்து ஒரு கிளாஸ் உருவாக்குங்கள். ஸ்டோரிபோர்டில் இரண்டாவது திரையைத் தேர்ந்தெடுத்து, ஐடென்டிட்டி இன்ஸ்பெக்டரில் அந்தக் கிளாஸின் பெயரைக் கொடுங்கள். லேபிளுக்கு இங்கே ஓர் அவுட்லெட் எடுங்கள். கூடவே ‘பெயர்’ என்று ஒரு சரம் மாறியையும், வெற்றுச் சரத்தை ஆரம்ப மதிப்பாக வைத்து, எழுதுங்கள். ஸ்விஃப்ட்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் முகம் சுளிக்காது. கூட வேலை செய்பவர்கள் சுளிப்பார்களா என்பது வேறு விஷயம்.

இனி முதல் திரையின் கிளாஸில் ப்ரிப்பேர் என்று அடிக்கத் தொடங்குங்கள், மீதியை எக்ஸ்கோடே நிரப்பிக் கொடுக்கும். செக்வே நடப்பதற்குச் சற்று முன்பு இந்த மெத்தட் அழைக்கப்படும். போகும் இடம் செக்வேயின் டெஸ்டினேஷனில் இருக்கும். ஆனால் அது பொதுவான யூஐவியூகண்ட்ரோலராகத்தான் கைக்கு வரும். அதை நம் கிளாஸாக வகைமாற்றி, அதன் ‘பெயர்’ மாறியில் டெக்ஸ்ட் ஃபீல்டில் உள்ளதைப் போடுங்கள். இரண்டாவது திரையின் வியூ டிட் லோடில் (வியூ ஏறியதும் ஒருமுறை ஓடும் மெத்தட்), லேபிளின் டெக்ஸ்ட்டாக ‘வணக்கம்’ என்பதோடு அந்தப் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும்: இடையில் எதற்கு ஒரு மாறி, ப்ரிப்பேரிலிருந்தே லேபிளுக்கு எழுதிவிடலாமே? எழுதிப் பாருங்கள், செயலி நொறுங்கும். ‘அன்எக்ஸ்பெக்டட்லி ஃபவுண்ட் நில்’ என்று தொடங்கும் செய்தி கன்சோலில் வரும். ப்ரிப்பேர் ஓடும் நேரத்தில் இரண்டாவது வியூ கண்ட்ரோலர் பிறந்துவிட்டது, ஆனால் அதன் வியூ இன்னும் ஏற்றப்படவில்லை. லேபிள் அவுட்லெட் அப்போது நில், அதாவது வெறுமை. ஆகவே மதிப்பைச் சாதாரண மாறியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வியூ ஏறிய பிறகு அந்தத் திரையே எடுத்துக்கொள்ளும்.

திரும்பி வருவது

இரண்டாவது திரையில் ‘முடிந்தது’ என்றொரு பொத்தான் வைக்கிறீர்கள். தொட்டால் முகப்புக்குப் போக வேண்டும். கை தானாகவே கண்ட்ரோலைப் பிடித்து, இந்தப் பொத்தானிலிருந்து முகப்புக்கு ஒரு ஷோ செக்வே போடும். ஓடவிட்டால் முகப்பும் வரும். ஆனால் உற்றுப் பாருங்கள்: டெக்ஸ்ட் ஃபீல்டு காலியாக இருக்கிறது. முகப்பின் தலையில் திரும்பும் பொத்தான் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

செக்வே எப்போதும் புதிதாக ஒரு திரையை உருவாக்கித்தான் போகும். இதற்கு ஒரே விதிவிலக்கு, ஏற்கெனவே இருக்கும் திரைக்குத் திரும்பும் அன்வைண்ட் செக்வே. அதாவது நீங்கள் பழைய முகப்புக்குத் திரும்பவில்லை; அதே முகம் கொண்ட இன்னொன்றை அடுக்கின் உச்சியில் வைத்திருக்கிறீர்கள். சந்தேகமிருந்தால் இரண்டு கிளாஸிலும், திரை தெரிந்ததும் ஓடும் வியூ டிட் அப்பியரில், நேவிகேஷன் கண்ட்ரோலரின் வியூகண்ட்ரோலர்ஸ் என்ற வரிசையில் எத்தனை இருக்கின்றன என்று அச்சிடச் சொல்லுங்கள். சரியான செயலியில் 1, 2, 1, 2 என்று மாறி மாறி வரும். இந்த வழியில் 1, 2, 3, 4, 5 என்று ஏறிக்கொண்டே போகும், நினைவகமும் கூடவே ஏறும்.

சரியான வழி, பொத்தானுக்கு, தொட்டதும் ஓடும் மெத்தடான ஆக்‌ஷன் எடுத்து, அதற்குள் நேவிகேஷன் கண்ட்ரோலரின் பாப் வியூ கண்ட்ரோலரை அழைப்பது. ஐந்தாறு திரை உள்ளே போய்விட்டு ஒரே தாவலில் அடிக்கு வர பாப் டு ரூட் இருக்கிறது. நடுவில் உள்ள ஏதோ ஒரு திரைக்கு வரத்தான் அன்வைண்ட். எந்தத் திரைக்கு வர வேண்டுமோ அதன் கிளாஸில், யூஐஸ்டோரிபோர்டுசெக்வேயை ஏற்றுக்கொள்ளும், ஸ்டோரிபோர்டிலிருந்து இணைக்கக்கூடிய ஓர் ஐபிஆக்‌ஷன் எழுதுங்கள். பிறகு, கிளம்பும் திரையில் உள்ள பொத்தானிலிருந்து அதே திரையின் மேலே இருக்கும் எக்சிட் சின்னத்துக்கு இழுத்தால், நீங்கள் எழுதிய மெத்தடின் பெயர் பட்டியலில் வரும். போகும் இடத்தில் எழுதி, கிளம்பும் இடத்தில் இணைக்க வேண்டும் என்பதால் முதல்முறை தலைகீழாகத் தெரியும்.

திரும்பி வந்ததும் முகப்பில் ஏதாவது புதுப்பிக்க வேண்டுமா? அதை வியூ டிட் லோடில் எழுதினால் நடக்காது. முகப்பு அடுக்கின் அடியில் உயிரோடுதான் இருந்தது, மறுபடி ஏற்றப்படவில்லை. ஒவ்வொரு முறை திரை தெரியவரும்போதும் அழைக்கப்படுவது வியூ வில் அப்பியர். அங்கே எழுதுங்கள்.

திரும்பும் பொத்தான் அழகாக இல்லை என்று அதை எடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வைப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. இடது ஓரத்திலிருந்து விரலால் இழுத்துத் திரும்பும் வசதி 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. இடப்பக்கம் சொந்தப் பொத்தான் வைத்தால் அது இயல்பாகவே நின்றுவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் முந்தைய திரைகளின் பட்டியல் விரிவது ஐஓஎஸ் 14-இல் வந்தது, அதுவும் போகும். அழகுக்காக இத்தனையை இழக்க வேண்டுமா?

இன்னும் சில சிக்கல்கள்

ஒரு தொடலுக்கு இரண்டாவது திரை இரண்டு முறை வந்தால், அந்தப் பொத்தானுக்கு செக்வேயும் இருக்கிறது, கோடில் புஷ்ஷும் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிடுங்கள். தொட்டவுடன் செயலி நொறுங்கி, நேவிகேஷன் கண்ட்ரோலரைப் புஷ் செய்ய முடியாது என்ற பொருளில் செய்தி வந்தால், இரண்டாவது திரையையும் எம்பெட் செய்து, அந்தப் புதுப் பெட்டியைக் கோடில் புஷ் செய்திருக்கிறீர்கள். ஓர் அடுக்குக்கு ஒரு நேவிகேஷன் கண்ட்ரோலர் போதும். உள்ளே வரும் திரைகள் தாமாகவே அதன் பட்டையைப் பெற்றுக்கொள்ளும்.

கீழே டேப் பட்டையும் வேண்டுமென்றால், டேப் பார் கண்ட்ரோலர் வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு டேபுக்குள்ளும் தனித்தனி நேவிகேஷன் கண்ட்ரோலர் வையுங்கள். அப்போது ஒரு டேபில் மூன்று திரை உள்ளே போயிருந்தாலும், வேறு டேபுக்குப் போய்விட்டு வரும்போது அந்த அடுக்கு கலையாமல் இருக்கும்.