வேர்நுனி அடைப்புப் பொருள்களை ஒப்பிடும் சாயச் சோதனை: தொடக்கநிலைப் பல் மருத்துவ மாணவர்களுக்கான செய்முறை

வேர் சிகிச்சை செய்த பின்னும் வேர்நுனியில் சீழ் ஆறாதபோது, ஈறைத் திறந்து வேரின் நுனியில் 3 மி.மீ. வெட்டி நீக்கி, வெட்டிய முகத்தில் குழி எடுத்து அடைக்கிறோம். அந்த அடைப்பு கசிந்தால் வேரின் உட்கால்வாயில் எஞ்சிய பாக்டீரியா மீண்டும் எலும்பை எட்டிவிடும். எந்தப் பொருள் குறைவாகக் கசிகிறது என்பதை பிடுங்கிய பற்களை ஆய்வகத்தில் சாயத்தில் ஊறவைத்து, சாயம் எவ்வளவு ஆழம் புகுகிறது என்பதைக் கொண்டு பார்க்கலாம். இங்கே அமால்கம் (பாதரசம் கலந்த உலோக அடைப்பு), எம்.டி.ஏ. (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட் என்னும் சிமென்ட்), பயோடென்டின் (விரைவில் இறுகும் மற்றொரு சிமென்ட்) ஆகிய மூன்றையும் ஒப்பிடுவோம்.

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்று, ஒரே வேர் கொண்ட, நுனி முழுமையாக வளர்ந்த, விரிசல் இல்லாத 40 பற்களைச் சேகரியுங்கள். பொருளுக்கு 12 பற்கள் என 36 பற்களும், ஒப்பீட்டுக் கட்டுப்பாடாக 4 பற்களும் தேவை. சுத்தம் செய்த பற்களை உப்புநீரில் வையுங்கள். உலர்ந்த பல் விரிசல் விடும்.

அடுத்து கால்வாயை விரித்து, கட்டா பெர்ச்சாவால் (ரப்பர் போன்ற நிரப்புப் பொருள்) நிரப்பி, கால்வாயின் மேல்பக்கத் திறப்பையும் அடைத்துவிடுங்கள். பின்னர் நுனியில் 3 மி.மீ. வேரின் நீளவாக்குக்குச் செங்குத்தாக வெட்டி, அல்ட்ராசோனிக் முனையால் 3 மி.மீ. ஆழத்தில் குழி எடுத்து, சீட்டுப் போட்டுப் பற்களைக் குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிரப்பும்போது பொறுமை வேண்டும். எம்.டி.ஏ. தூளை எடையில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு நீர் என்ற அளவில் கலக்க வேண்டும். அது இறுக ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகும், பயோடென்டினுக்கோ ஏறத்தாழ 12 நிமிடமே போதும். ஆகவே எல்லாப் பற்களையும் ஈரத் துணியில் சுற்றி, 37 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் ஒரே சீராக வைத்த பிறகே சாயத்தில் இறக்குங்கள். அமால்கம் நாளடைவில் தன் அரிமானப் பொருள்களால் இடைவெளியை ஓரளவு தானே அடைத்துக்கொள்ளும் என்பதால், இந்தக் குறுகிய சோதனை அதற்குச் சற்றுப் பாதகமானது என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

வெட்டிய முகத்தைத் தவிர மற்ற பரப்பு முழுவதும் நகப்பூச்சை இரண்டு முறை பூசுங்கள். கட்டுப்பாட்டுப் பற்களில் இரண்டின் குழியை நிரப்பாமல் விடுங்கள்; அவற்றில் சாயம் முழுவதும் ஊடுருவ வேண்டும். மற்ற இரண்டையும் வெட்டிய முகம் உட்பட முழுதும் பூசுங்கள். அவற்றில் சாயம் சிறிதும் நுழையக் கூடாது. நுழைந்திருந்தால் பூச்சே தவறியிருக்கிறது, அந்தத் தொகுதியின் எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

இனிச் சாயம். பெரும்பாலோர் கைக்கு எட்டுகிறது என்று மெத்திலீன் ப்ளூவை எடுக்கிறார்கள், ஆனால் எம்.டி.ஏ. போன்ற காரத்தன்மை மிகுந்த பொருள்களைத் தொடும்போது அந்தச் சாயம் நிறமிழப்பதாக 1998-இலேயே காட்டப்பட்டுவிட்டது. இறுகும்போது எம்.டி.ஏ.யின் கார அளவு (pH) 12.5 வரை உயர்கிறது. சாயம் உள்ளே புகுந்தும் நிறம் தெரியாமல் போனால், கசிந்த பொருளையே கசியாத பொருளாக நாம் அறிவித்துவிடுவோம், நோயாளியின் எலும்பில் அதற்கு விலை கொடுக்க நேரும். எம்.டி.ஏ.யை வேர்நுனி அடைப்பாக முதலில் சோதித்த தொரபினெஜாத் குழு 1993-இல் ரோடமைன் பி சாயத்தைப் பயன்படுத்தியது. நீங்களும் அதையே எடுங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து, ஓடும் நீரில் கழுவி, பூச்சைச் சுரண்டி எடுங்கள்.

கடைசியாக, பல்லை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குழு எதுவென அறியாத ஒருவர் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் சாயம் சென்ற ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். 3 மி.மீ. அடைப்பைக் கடந்து கட்டா பெர்ச்சாவைச் சாயம் எட்டிய பற்களின் எண்ணிக்கையைச் சராசரியோடு கலக்காமல் தனியே எழுதுங்கள், ஏனெனில் அந்தப் பற்களில் அடைப்பு முழுவதுமாகத் தோற்றிருக்கிறது.