உள்ளேயிருந்தே அரித்த சைலன்சர்

காரை ஸ்டார்ட் செய்தாலே டிராக்டர் சத்தம். கீழே குனிந்து பார்த்தேன். பின் சைலன்சர் மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டியதும் முனை பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். நான் தினமும் ஓட்டுவது 3 கிலோமீட்டர்தான். சைலன்சர் முழுதாகச் சூடேறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுவேன். தண்ணீர் உள்ளேயே தங்கி அரித்திருக்கிறது.

முதலில் ஓட்டையை அடைக்கும் பேஸ்ட் பூசி, தகரம் சுற்றிக் கட்டினேன். இரண்டே வாரம்! துருவின் மேல் எதுவும் ஒட்டாது. புகை காருக்குள் வந்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. சரி, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பாதி நேரத்தைத் தின்றது இரண்டு போல்ட்டுகள்தான். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டேன். ஒன்று கழன்றது, மற்றொன்றின் தலை வழுக்கி உருண்டையாகிவிட்டது, ரம்பத்தால் அறுத்தேன். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்துத்தான் அடியில் படுத்தேன். துருத்தூள் கண்ணில் கொட்டும், கண்ணாடி அவசியம். சைலன்சரைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும் ரப்பர்கள் சோப்புத் தண்ணீர் தடவியதும் நழுவி வந்தன.

இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு, எல்லா நட்டையும் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே இறுக்கினேன். இப்போது வாரம் ஒருமுறையாவது நீண்ட தூரம் ஓட்டுகிறேன்.