போன் வீடியோ எடிட்டரில் திறக்கவில்லையா, ஒலி விலகுகிறதா? சரிசெய்யும் வழி

போனில் நன்றாக ஓடும் வீடியோ, எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டதும் மக்கர் செய்யும். படம் வராமல் ஒலி மட்டும் கேட்கும், அல்லது ஒவ்வொரு நொடிக்கும் திக்கி நிற்கும், அல்லது போகப்போக வாயசைவு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்றாகும். உடனே கையில் கிடைத்த கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவதுதான் பலர் செய்வது. அப்படி மாற்றினால் படத்தின் தரம் குறையும், கோளாறு அப்படியே நிற்கும். காரணம் எது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெறும் டப்பாக்கள். மூடியில் சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் உப்பும் இருக்கலாம். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைதான் கோடெக். ஒரே எம்பி4-க்குள் எச்.264 இருக்கலாம், எச்இவிசி எனப்படும் எச்.265 இருக்கலாம், ஏவி1-உம் இருக்கலாம். அதனால் கோப்பின் பெயரில் எம்ஓவி என்பதை அழித்து எம்பி4 என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை.

படி 1: கோப்புக்குள் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, வீடியோவை அதில் இழுத்துப் போடுங்கள். வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தால் முழு விவரமும் வரும். அதில் ஐந்து வரிகள் போதும்:

1. வீடியோ பகுதியில் ஃபார்மட்: ஏவிசி என்றிருந்தால் எச்.264. எச்இவிசி என்றிருந்தால் எச்.265.
2. பிட் டெப்த் (நிறத்தை எத்தனை பிட்டில் பதிவு செய்கிறது என்பது): 8 அல்லது 10.
3. ஃப்ரேம் ரேட் மோட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது தனிப்படம், என்பது சீராக இருக்கிறதா): கான்ஸ்டன்ட் என்றால் மாறாதது, வேரியபிள் என்றால் மாறுவது.
4. கலர் பிரைமரீஸ்: பிடி.709 என்றால் சாதாரண வீடியோ. பிடி.2020 என்றால் பெரும்பாலும் எச்டிஆர், அதாவது வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் வகை.
5. ஆடியோ பகுதியில் ஃபார்மட்: ஏஏசி அல்லது பிசிஎம் என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஓபஸ் என்றிருந்தால் சில எடிட்டர்களில் ஒலியே வராது.

படி 2: அறிகுறியோடு பொருத்துங்கள்

படமே வரவில்லை, ஆனால் விஎல்சி பிளேயரில் ஓடுகிறது என்றால் கோடெக்தான் சிக்கல். ஃபார்மட் எச்இவிசி, பிட் டெப்த் 10 என்றிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரின் இலவசப் பதிப்பு விண்டோஸில் இத்தகைய கோப்புகளை அடிக்கடி மறுக்கும். லினக்ஸிலோ இலவசப் பதிப்புக்கு எச்.264-கூட ஆகாது. ஷாட்கட், கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர்கள் இரண்டும், பல கோடெக்குகளைப் படிக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியைத் தம்முள்ளேயே வைத்திருப்பதால் ஏறக்குறைய எதையும் திறக்கும்.

இந்த இடத்தில் பலர் கோடெக் பேக் (பல கோடெக்குகளின் தொகுப்பு) தேடி நிறுவுவார்கள். வேண்டாம். ரிசால்வ், ஷாட்கட் போன்றவை தங்கள் சொந்த டிகோடரையே (சுருக்கியதை விரிக்கும் பகுதி) நம்புகின்றன. விண்டோஸில் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் பேக்கை அவை திரும்பியும் பார்க்காது.

கோப்பு திறக்கிறது, டைம்லைனில் திக்குகிறது என்றால் கணினி திணறுகிறது என்று பொருள். எச்.264, எச்.265 இரண்டிலும் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம் அல்ல. பல ஃப்ரேம்கள் முன்பின் உள்ளவற்றிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். நடுவில் ஓரிடத்தைத் தொட்டால், முந்தைய முழுப் படத்தைத் தேடி அங்கிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். இதற்குக் கோப்பை மாற்ற வேண்டியதில்லை. ஷாட்கட்டில் செட்டிங்ஸ், பிராக்ஸி, யூஸ் பிராக்ஸி என்று போங்கள். சிறிய நகலை வைத்து வெட்டலாம். இறுதி எக்ஸ்போர்ட் மூலக் கோப்பிலிருந்தே வரும்.

நிறம் வெளிறிப்போய்த் தெரிந்தால் அது பெரும்பாலும் எச்டிஆர். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கன்வெர்ட்டரில் ஃபில்டர்ஸ் பகுதியில் கலர்ஸ்பேஸ் பிடி.709 என்று வைத்துச் சிறு துண்டை மாற்றிப் பாருங்கள்.

படி 3: ஒலி விலகலுக்கு மருந்து

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். போன் நொடிக்குச் சரியாக 30 ஃப்ரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ சில நொடிகளில் 28, 29 என்று இறங்கும். ஒலி மட்டும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று பிசகாமல் பதிவாகும். எல்லா ஃப்ரேமும் சம இடைவெளியில் இருப்பதாக எடிட்டர் எடுத்துக்கொண்டால் படம் ஒலியை முந்திவிடும். 20 நிமிடக் கிளிப்பில் 36,000 ஃப்ரேம் இருக்க வேண்டும். 35,700 மட்டுமே பதிவாகியிருந்தால் முடிவில் 10 நொடி வித்தியாசம். ஆரம்பத்தில் சரியாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆடியோவைப் பிரித்து நகர்த்திப் பொருத்தினாலும் ஓரிடத்தில்தான் பொருந்தும்.

மீடியாஇன்ஃபோவில் வேரியபிள் என்றிருந்தால், ஹேண்ட்பிரேக்கில் இப்படிச் செய்யுங்கள்:

1. கோப்பைத் திறந்து ஃபாஸ்ட் 1080பி30 என்ற பிரீசெட்டை (தயாராக உள்ள அமைப்பு) தேருங்கள். 4கே வீடியோ என்றால் இது 1080-க்குச் சுருக்கிவிடும். 4கே-ஆகவே வேண்டுமானால் 2160பி பிரீசெட்டை எடுங்கள்.
2. சம்மரியில் ஃபார்மட் எம்பி4. அலைன் ஏ/வி ஸ்டார்ட் டிக் ஆகியிருக்கட்டும்.
3. வீடியோ பகுதியில் என்கோடர் எச்.264. ஃப்ரேம் ரேட் 30.
4. அதன் கீழே பீக் ஃப்ரேம்ரேட் என்று இருப்பதைக் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்று மாற்றுங்கள். பிரீசெட்டில் பீக் என்றே இருக்கும். இதை மறந்தால் வெளிவரும் கோப்பும் வேரியபிளாகவே வரும், செய்த வேலை வீண்.
5. குவாலிட்டி எண்ணை 18-இல் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பு பெருக்கும். எடிட் செய்து மறுபடி சுருக்கப்போகும் வீடியோ என்பதால் இங்கே கஞ்சத்தனம் கூடாது.
6. ஆடியோவில் கோடெக் ஏஏசி, சாம்பிள்ரேட் 48, பிட்ரேட் குறைந்தது 192.

மாற்றியதை மீண்டும் மீடியாஇன்ஃபோவில் போட்டுக் கான்ஸ்டன்ட் என்று வந்திருக்கிறதா பாருங்கள். பிறகு எடிட்டரில் கடைசி நிமிடத்தை ஓட்டி வாயசைவைக் கவனியுங்கள். முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

ஷாட்கட் பயன்படுத்துபவர்களுக்கு வேலை குறைவு. வேரியபிள் கோப்பைத் திறந்ததும் எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றவா என்று அதுவே கேட்கும். மூன்று தேர்வுகளில் நடுவில் உள்ள இன்டர்மீடியட் வீட்டு வேலைக்குப் போதும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இவ்வகைக் கோப்புகள் பெரியவை. ஒப்பிட்டுச் சொன்னால், 1080-இல் நொடிக்கு 30 ஃப்ரேம் உள்ள புரோரெஸ் 422 என்ற எடிட்டிங் கோடெக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 66 ஜிபி.

கணினித் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் பதிவான எம்கேவி திறக்கவில்லை என்றால் கன்வெர்ட் செய்ய வேண்டாம். ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் இருக்கிறது. டப்பா மட்டும் எம்பி4-ஆக மாறும், தரம் துளியும் குறையாது, நொடிகளில் முடியும்.

படி 4: புராஜெக்ட் அமைப்பு

ஷாட்கட்டில் வீடியோ மோட் ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் முதலில் போடும் கிளிப்பின் அளவே புராஜெக்ட்டின் அளவு. வாட்ஸ்அப்பில் வந்த சின்ன கிளிப்பை முதலில் போட்டால் மொத்தமும் மங்கலாகும். முன்கூட்டியே 1080, 30 என்று வைத்துவிடுங்கள். ரிசால்வில் டைம்லைன் ஃப்ரேம் ரேட்டைக் கிளிப்புகளைச் சேர்க்குமுன் முடிவு செய்யுங்கள். பிறகு மாற்ற விடாது. உறவினர்களிடம் வீடியோ கேட்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது

ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று வைத்தால் எச்.264-இல் பதிவாகும். எச்டிஆர் வீடியோவையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸுக்குக் கேபிளில் காப்பி செய்யும்போது பாதியில் அறுந்தால், போட்டோஸ் அமைப்பில் டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி என்பதைக் கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றுங்கள். சாம்சங் போன்களில் கேமரா அமைப்பில் ஹை எஃபிஷியன்சி வீடியோஸ் என்பதை அணையுங்கள்.

விஎல்சியிலும் திறக்காத கோப்பு வேறு வகை. பதிவின் நடுவே பேட்டரி தீர்ந்தால், கோப்பில் எது எங்கே என்று காட்டும், கடைசியில் எழுதப்பட வேண்டிய அட்டவணை எழுதப்படாமலே போயிருக்கும். எந்தக் கன்வெர்ட்டரும் அதைத் திறக்காது. அன்ட்ரங்க் என்ற கருவி, அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொண்டு அட்டவணையை மறுபடி கட்டப் பார்க்கும். அதற்கு முன் உடைந்த கோப்பை நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் முயலுங்கள்.